தவிலடி தெரிகிறது, கேட்கவில்லை: இசை விருது விழா ஒளிபரப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

இசை விருது விழாக்களை நடத்தித் தொலைக்காட்சியில் காட்டும் நிலையத்தாருக்கும், நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கும், அவர்களின் ஒலிப்பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கங்களில் மைக் செட், மேடை ஒலி, கானமேளா (மேடை மெல்லிசைக் கச்சேரி) என்று தொழில் செய்கிற தமிழர்கள் எழுதும் மடல் இது. தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம் இருப்பதால் எங்கள் வீட்டு டிவியில் தமிழ் விருது விழாவும் ஓடும், மலையாள விருது விழாவும் ஓடும். மொழி வேறு, ஒலியில் நடக்கிற தப்பு ஒன்றேதான். யாருக்கு விருது போனது, யார் என்ன உடுத்தி வந்தார்கள் என்பதில் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இசைக்கு விருது கொடுக்கிற மேடையிலிருந்து இசை எங்கள் கூடத்துக்கு வந்து சேருகிற லட்சணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

தவிலிலிருந்து தொடங்கலாம். விழாத் தொடக்கத்தில் மங்கல இசை வைக்கிறீர்கள், நல்ல வழக்கம். காமிரா நேராகத் தவில்காரரின் கைக்குப் போகிறது. வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் பூவரசங்கழி, தோள் குலுங்க அடிக்கிறார். டிவியில் கேட்பதோ, அடுத்த தெருவில் யாரோ உரல் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். செண்டை மேளம் வைத்தாலும் இதே கதிதான். பத்துப் பேர் சேர்ந்து கொட்டுவது படத்தில் தெரியும். காதுக்கு வருவது இலத்தாளம் என்ற கைத்தாளத்தின் சலசலப்பு மட்டும்.

இது வாசிப்பவர் குறையல்ல, மைக்கின் குறையும் அல்ல. அரங்கத்துக்குள் தவிலுக்கு மைக்கே வேண்டாம். முதல் பத்து வரிசைக்கு அது நேராகவே போய் விழும். அதனால் அரங்கத்துக்கு பேலன்ஸ் போடுகிறவர் தவிலின் ஒலியளவு ஃபேடரை ஏற்றவே மாட்டார். குரல், வயலின், புல்லாங்குழல் இவற்றைத்தான் ஏற்றுவார். அவர் செய்வது சரியான வேலை. ஆனால் அந்த கன்சோலின் (ஒலிகளைக் கலக்கும் மேசையின்) இடது, வலது என்ற இரண்டு அவுட்டை அப்படியே உருவி ஒளிபரப்பு வண்டியான ஓபி வேனுக்குக் கொடுத்தால், டிவிக்குப் போவது ஸ்பீக்கர் வழியாக வந்த பாதி இசை மட்டும். மீதிப் பாதி மேடையிலிருந்து காற்று வழியாக வந்தது. அது எந்த கேபிளிலும் ஏறாது. நேரில் பார்த்தவர் அருமை என்று சொல்வதும், வீட்டில் பார்த்தவர் முகம் சுளிப்பதும் இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இதற்கு ஒரே வழி, டிவிக்குத் தனி மிக்ஸ். மேடையிலேயே ஸ்பிளிட்டர் வைத்து ஒவ்வொரு மைக் லைனையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ஒன்று அரங்கத்துக்கு, ஒன்று மேடை மானிட்டருக்கு (வாசிப்பவர்கள் கேட்கும் ஸ்பீக்கருக்கு), ஒன்று ஓபி வேனுக்கு. கண்டென்சர் மைக்குகளுக்கான 48 வோல்ட்டை மூன்றில் ஒரு கன்சோல் மட்டும் கொடுக்கட்டும். யார் கொடுப்பது என்பதை ஒத்திகைக்கு முன்பே முடிவு செய்து எழுதி ஒட்டுங்கள். மைக் லைன்கள் வந்து சேரும் டிஜிட்டல் ஸ்டேஜ் பாக்ஸை எல்லாரும் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் கெயின் (மைக் ஒலியை முதலில் பெருக்கும் அளவு) ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். அரங்கத்துக்காரர் நடுப்பாட்டில் கெயினைக் குறைத்தால் டிவியில் குரல் படக்கென்று விழும். ஓபி வேனில் இருப்பவருக்கு ஏன் விழுந்தது என்றே விளங்காது.

எத்தனை சேனல் வேண்டும் என்றால், நிரந்தரமாக ஒரு வாத்தியக் குழு மேடையில் இருக்கிறதாகக் கணக்குப் போடுவோம். டிரம்ஸ் செட்டுக்கு 9, பேஸ் 1, கிட்டார் 2, கீபோர்டு இரண்டுக்கு ஸ்டீரியோவாக 4, தபலா 2, டோலக் 2, புல்லாங்குழல் 1, வயலின் 4, நாதஸ்வரம் 1, தவில் 2, கோரஸ் 4, முன்னணிக் குரல் 4. இது 36. தொகுப்பாளருக்கு 2, விருது வாங்குகிறவர் பேசும் இடத்துக்கு 2, உபரி 2. இது 42. கூட்டத்தின் கைதட்டலுக்கு 6 வைத்தால் 48. இன்றைக்கு நடுத்தர டிஜிட்டல் கன்சோலே இதைத் தாங்கும். வானவேடிக்கைக்குச் செலவாவதில் ஒரு துண்டு போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அது எங்கள் கருத்து, விட்டுவிடலாம்.

ஓபி வேனுக்குள் நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும். அதோடு ஒரு சாதாரண டிவியையும் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் பாட்டு வருவது டிவியின் முதுகில் இருக்கும் இரண்டு குட்டி ஸ்பீக்கர் வழியாகத்தான். அதில் அடிநாதம் ஏறக்குறைய வராது. பேஸ் கிட்டாரை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. தவிலின் தொப்பிப் பக்கம் கேட்க வேண்டுமென்றால் கழி தோலைத் தொடும் அந்த 'தக்' கேட்க வேண்டும். அது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு 100 ஹெர்ட்ஸை ஏற்றினால் கிடைப்பது உரல் சத்தமேதான்.

இன்னொன்று, உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸர். மொத்த மிக்ஸின் மேல் ஒரு கம்ப்ரஸரை இறுக்கமாகப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். தவில் ஓர் அடி விழுந்தால் மொத்தமும் அமுங்கும். பாடுகிறவர் குரலும் சேர்ந்து உள்ளே போய், அடி ஓய்ந்ததும் வெளியே வரும். மூச்சிரைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது போல இருக்கும். தவில், செண்டை, டிரம்ஸ் ஆகியவற்றை அதனதன் சேனலில் தனியாக அடக்குங்கள். மொத்தத்தின் மேல் 2, 3 டெசிபெல்லுக்கு மேல் அமுக்காதீர்கள்.

நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கிற இடம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அணசுக்குள்ளேயே (குழலின் விரிந்த கீழ்வாய்க்குள்ளேயே) மைக்கை நுழைத்துவிடுகிறார்கள். நாதம் அணசு வழியாக மட்டும் வருவதில்லை. விரல் எடுத்த துளை எதுவோ, அங்கிருந்தும் வரும். விரல் துளை எல்லாம் மூடிய கீழ்ச்சுரம்தான் பெரும்பாலும் அணசு வழியே வெளியேறும். ஆகவே அணசில் மைக் வைத்தால் கீழ்ச்சுரம் முழங்கும், மேலே போகப்போகச் சன்னமாகும். வித்வான் சரியாக ஊதுவார், டிவியில் மேல்ஸ்தாயி பிசிறடிக்கும். ஒன்றரை முதல் இரண்டடி தள்ளி, துளைகளின் நடுப்பகுதியைப் பார்த்தாற்போல் ஒரு மைக் வையுங்கள். தவில்காரர் பக்கம் மைக்கின் முதுகு இருக்கட்டும். தவிலுக்குத் தலைக்கு ஒன்றாக இரண்டு மைக், ஓரடி தள்ளி.

சுருதியையும் முதலிலேயே கேளுங்கள். நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) இருக்கும். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி சுருதியை மாற்றுவது போல அதை மாற்ற முடியாது. பாட்டு ஒன்றரைக் கட்டையில் இருக்கிறது, அனுசரித்து ஊதுங்கள் என்று விழா மேடையில் வந்து சொன்னால் அவர் என்ன செய்வார்? ஒரு மாதம் முன்பே சொன்னால் வேறு குழல் கொண்டுவருவார், அல்லது நீங்கள் பாட்டின் சுருதியை நகர்த்தலாம்.

அதோடு ஏசி. ஒத்திகையின்போது ஏசி ஓடாது. விழா அன்று கூட்டத்துக்காகக் காலையிலிருந்தே ஓடும். காற்றின் சூடு 10 டிகிரி இறங்கினால் குழல் வாத்தியத்தின் சுருதி அரைச்சுரத்தில் கால்வாசிக்கும் கொஞ்சம் அதிகமாகவே இறங்கப் பார்க்கும். ஊதுகிறவரின் மூச்சுச் சூடு ஓரளவு காப்பாற்றும், முழுக்க அல்ல. ஏசி காற்றை உலர்த்துவதால் மிருதங்கம், தவில் தோல் இறுகி ஏறும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, கீபோர்டு நடுவில் அசையாமல் நிற்கும். வாத்தியக்காரர்களை அரை மணி முன்பே அந்தக் குளிரில் உட்கார வைத்துச் சுருதி சேர்க்க விடுங்கள். மேடை ஏறி, திரை திறந்து, தொகுப்பாளர் கையைக் காட்டிய பிறகு சேர்க்க முடியாது.

அடுத்தது ட்ராக், அதாவது முன்பே பதிந்த இசை. ஆடிக்கொண்டே பாடுகிறவர் முன்பே பதிந்த குரலுக்கு வாயசைப்பதை நாங்கள் பெருங்குற்றம் என்று சொல்ல மாட்டோம். எங்கள் நோம்பி (ஊர்த் திருவிழா) கச்சேரிகளிலும் குரல் இல்லாத மைனஸ் ட்ராக் ஓடுகிறது, குரல் சேர்ந்த பிளஸ் ட்ராக்கும் சில இடங்களில் ஓடுகிறது. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த பாடகர் என்று விருதைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே அவர் வாயசைப்பதை நேரடிக் கச்சேரி என்று அறிவிப்பது எந்த ஊர் நியாயம்? பார்க்கிறவர்களுக்குக் கண்டுபிடிக்க வழி தெரியாது என்று நினைக்க வேண்டாம். மைக் வாயிலிருந்து 2 அங்குலத்தில் இருக்கிறது. பாடகர் அப்படியே கையை இறக்கி 16 அங்குலத்துக்குக் கொண்டுபோகிறார். தூரம் இரண்டு மடங்கு ஆகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைய வேண்டும்; 2 அங்குலம் 4 ஆகி, 8 ஆகி, 16 ஆனால் 18 டெசிபெல். கிட்ட இருந்தபோது குரலில் இருந்த அடிக்கனமும் கரைந்துவிட வேண்டும். டிவியில் குரல் ஓர் இழையும் அசையவில்லை. கிட்டாரில் ஒயரும் இல்லை, டிரான்ஸ்மிட்டரும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனும், சித்தூரில் 1934-இல் பிறந்த பி.லீலாவும் திரைக்கு வந்த காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் சேர்ந்தே பதிந்தார்கள்; ஒருவர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து. மைக்குகள் சொற்பம். யார் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதே பேலன்ஸ். 48 சேனல் வைத்துக்கொண்டு அந்த வேலையை நாம் செய்ய முடியாதா? சரி, முடியாத இடத்தில் திரையின் ஓரத்தில் 'முன்பதிவு செய்த குரல்' என்று ஒரு வரி போடுங்கள். உண்மையாகப் பாடுகிறவருக்கு அதுவே மரியாதை.

ட்ராக்கே ஓட்டினாலும் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சிடிக்கென்று விநாடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்) எடுத்துப் பதிந்த கோப்பை, வீடியோவுக்கான 48,000-இல் மாற்றம் செய்யாமல் ஓட்டினால் வேகம் 8.8 சதவீதம் கூடும், சுருதி முக்கால் கட்டை ஏறும். மைனஸ் ட்ராக்கில் இப்படி ஆனால், பாடுகிறவர் முதல் வரியிலேயே தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பழி அவர் தலையில் விழும். சரிபார்ப்பது மிகச் சுலபம்: 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்தால் கோப்பு மாறாமல் ஓடுகிறது என்று பொருள்.

உதடும் ஒலியும் ஒட்டாத கதைக்கு வருவோம். நெம்மாறா-வல்லங்கி வேலா திருவிழாவின் வானவேடிக்கையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. பிறந்ததிலிருந்து நம் கண்ணும் காதும் அதற்குப் பழகியவை. அதனால் ஒலி கொஞ்சம் பிந்தினால் பொறுத்துக்கொள்கிறோம், முந்தினால் உடனே உறுத்துகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் இதையே சொல்கிறது: ஒலி முந்துவது 40 மில்லிவிநாடிக்குள், பிந்துவது 60-க்குள். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. அதாவது ஒரே ஒரு ஃபிரேம்தான் உங்களுக்குச் சலுகை. விழா மேடையில் பெரும்பாலும் முந்தத்தான் செய்கிறது, ஏனென்றால் ஒலி கேபிளில் நேரே வருகிறது. படம் சுவிட்சர், எஃபெக்ட், ஃபிரேம் சிங்க் என்று ஒவ்வொரு படியிலும் நின்று வருகிறது. வயர்லெஸ் காமிரா இன்னும் தாமதம். ஆகவே நிலையான காமிராவில் பொருந்திய உதடு, தோளில் தூக்கிய காமிராவுக்குப் போனதும் நழுவும்.

ஒவ்வொரு காமிராவின் முன்னும் ஒருவர் நின்று கைதட்டட்டும். அதைப் பதிந்து, கை சேர்ந்த ஃபிரேமுக்கும் சத்தம் வந்த இடத்துக்கும் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். அந்த அளவுக்கு ஒலியைத் தாமதப்படுத்துங்கள். மற்றவற்றைவிடப் பிந்துகிற காமிராவைப் பாடகர் வாய்க்குக் காட்டாமல் கூட்டத்துக்கு விடுங்கள். அரங்கப் பின்வரிசையில் மாட்டிய கைதட்டல் மைக்குகளுக்கும் இதே கவனம் வேண்டும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால் பாட்டு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 87 மில்லிவிநாடி ஆகும். பாட்டு நடக்கும்போது அவற்றைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். பாட்டில் மூடி, முடிந்ததும் திறக்க ஒரு கை போதும்.

வயர்லெஸ் மைக் பொட்டுப் பொட்டென்று அறுவதற்குப் பெரும்பாலும் அலைவரிசைக் கணக்கு காரணம். ஒரு மைக் 600 மெகாஹெர்ட்ஸ், இன்னொன்று 601 என்றால், இரண்டும் கலந்து 599-லும் 602-லும் பேய் அலை பிறக்கும். மூன்றாவது மைக்கை 602-இல் வைத்தவர் அகப்பட்டார். விழா மேடையில் முப்பது கருவி இருக்கும். விருந்தினர் குழு வேறு தங்களுடையதைக் கொண்டுவரும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட ஓர் ஆளை நியமியுங்கள், அவர் சொல்லாமல் யாரும் ஸ்விட்ச் போடக்கூடாது. பேட்டரி ஒத்திகையில் போட்டதாக இருக்கக்கூடாது. மைக் தலையைப் பொத்திப் பிடிக்க வேண்டாம் என்று பேசுகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து ஊளையிடும்.

விளம்பரம் வந்ததும் சத்தம் இரண்டு மடங்காவது எல்லா வீட்டிலும் தெரிந்த தொல்லை. ஐரோப்பாவில் 2010 முதல் சராசரி உரப்பை அளந்து -23 LUFS (உரப்பின் அலகு) என்ற ஒரே அளவில் எல்லாவற்றையும் கொண்டுவரும் முறை இருக்கிறது. அளக்கும் மீட்டர் உங்களிடமும் இருக்கும். பாருங்கள்.

நாட்டார் பாடகர்களை அழைக்கும்போது தனிக் கவனம் வேண்டும். எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 68-வது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் மலைப்பாட்டுக்கும் வயல்பாட்டுக்கும் விழா மேடைகளில் இடம் கேட்டு வருகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் காதில் இன்-இயர் ஒலிப்பானைச் செருகி, தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை ஓடவிட்டு, நான்கரைக் கட்டையில் தயார் செய்த ட்ராக்குக்குப் பாடச் சொல்லாதீர்கள். முதல் வரியை அவர்கள் இஷ்டத்துக்குப் பாடட்டும். எந்தச் சுருதியில் நிற்கிறார்கள் என்று கீபோர்டுக்காரர் அதில் பிடிக்கட்டும். தாளம் அவர்கள் நடைக்குப் பின்னால் போகட்டும். பறையோ தவிலோ வாசிக்கிற ஒருவர் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கிளிக் தேவையில்லை. காதுக்குள் எதுவும் வேண்டாம், காலடியில் ஒரு மானிட்டர் போதும்.

இத்தனையும் செய்ய நேரம் ஏது என்று கேட்பீர்கள். உருளை வைத்த இரண்டு ரைஸர் மேடை, எட்டுக்கு எட்டு அடி. ஒவ்வொன்றிலும் 16 சேனல் மல்டிகோர் கேபிள் நிரந்தரமாகக் கட்டியிருக்கட்டும். ஒன்றில் பாட்டு நடக்கும்போது திரைக்குப் பின்னால் மற்றொன்றில் அடுத்த குழு உட்கார்ந்து, ஒவ்வொரு மைக்கும் வருகிறதா என்று ஹெட்போனில் சரிபார்க்கப்படும். ஒரு விருதை அறிவித்து, கொடுத்து, நன்றியுரை முடிய 5 நிமிடம் ஆகும். ரைஸரைத் தள்ளி ஒற்றைக் கேபிளைச் செருக 2 நிமிடம் போதும்.

கடைசியாகப் பெயர். பாடகர் பெயரும் படத்தின் பெயரும் போடுகிறீர்கள். பாட்டை எழுதியவர், வாசிக்கிறவர்கள் பெயர் வருவதே இல்லை. வந்தாலும் ஒரு விநாடியில் ஓடிவிடுகிறது. நான்கு விநாடியாவது நிற்கட்டும். தனி வாசிப்பு வரும்போது அந்த வாத்தியக்காரரின் பெயர் அப்போதே வரட்டும், நிகழ்ச்சி முடிவில் எறும்பு ஊர்வது போல ஓடும் பட்டியலில் அல்ல. எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க, ஒத்திகையின்போதே அவரவர் கையால் தமிழிலோ மலையாளத்திலோ எழுதி வாங்குங்கள். மங்கல இசைக்காரர்களுக்கும் இதே அட்டை, ஊர்ப் பெயரோடு. அவர்கள் மல்லாரி வாசிக்கும்போது தொகுப்பாளர் மைக் மூடியிருக்கட்டும்.

ஸ்பிளிட்டர் வரைபடமும் சேனல் பட்டியலும் வேண்டுமென்றால் கேளுங்கள், எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா எல்லையோர ஒலியமைப்பாளர்களும் கானமேளா வாத்தியக்காரர்களும் சிலர்
வேலந்தாவளம்